மூக்கண்டப்பள்ளி மாடி அறை

சந்தை கலையும் நேரத்தில்
நாலு கிலோ பன்னீர் திராட்சை, நூற்றறுபது ரூபாய்.
கழுவலாமா, கூடாதா?
முதல் கேள்வியிலேயே மூன்று கட்சி.
தோல்மேல் படிந்த சாம்பல் பூச்சில்தான்
உயிர் இருக்கிறது என்றான் நிர்மல்.
எலத்தகிரிக்காரன். கிறிஸ்துமஸுக்கு
வீட்டில் வைன் போடுவதைப் பார்த்தவன்,
பார்த்தவன் மட்டும்.
பூச்சிமருந்தும் அங்கேதான் இருக்கிறது என்றேன்.
தீர்த்தகிரி ஒன்றும் சொல்லாமல்
பக்கெட்டில் தண்ணீர் பிடித்தான்.
கழுவினோம்.

பேக்கரியில் ஈஸ்ட் கேட்டால்
பன்னுக்கா என்றார். ஆமாம் என்றோம்.

மூடியை இறுக்கினால் வெடிக்குமாம்
திறந்து வைத்தால் காடியாகுமாம்.
கேன் வாயில் ஒரு பலூனை மாட்டி
ஊசியால் ஒரே ஒரு குத்து.
துணி காயப்போட வந்த ராமக்கா
ஜன்னல் வழியே பார்த்துவிட்டு
'எவரிதி புட்டின ரோஜு?' என்றார்.
யாரும் பிறக்கவில்லை அப்போது.
இரண்டு நாளாகப் பலூன்
வெயிலில் படுத்த நாயின் நாக்கு போலத் தொங்கியது.
ஓசூர் மார்கழி
மனிதனுக்கே விறைக்கிறது, ஈஸ்டுக்கு?

கேட்காமலே தன் கம்பளியை எடுத்துக்
கேனுக்குச் சுற்றினான் தீர்த்தகிரி.
அவனுக்கு நைட் ஷிப்ட், பகலில் தூக்கம்,
கேனை ஒட்டியே பாய்.
மூன்றாம் நாள் என்னை எழுப்பிச் சொன்னான்:
'பேசுது.'

நான் குவாலிட்டி டிபார்ட்மென்ட்.
காலண்டர் பின்பக்கம் கோடு போட்டு எழுதினேன்:
தேதி, மணி, பலூன் எத்தனை விரற்கடை.
ஆறு. ஒன்பது. ஒன்பது. ஏழு. மூன்று.

நுரை நின்றால்
முடிந்துவிட்டதா, செத்துவிட்டதா?
இது தீர்த்தகிரி.
ருசி பார்க்காமல் கண்டுபிடிக்க முடியுமா?
இதுவும் அவன்.
லைனில் ஒரு வார்த்தை பேசாதவன்
இதற்கு மட்டும் வாய் மூடவில்லை.

வடிகட்ட உட்கார்ந்தோம்.
முதலில் பனியன் துணி, அப்புறம் பஞ்சு,
அப்புறம் கம்பெனியில் லென்ஸ் துடைக்கும்
நூல் பிரியாத வெள்ளைத் துணி
(சுட்டது நான்தான்).
சொட்டு.
சொட்டு.
'எத்தனை தடவை வடிகட்டினா எல்லாம் போகும்?'
'எல்லாம்னா?'
'எல்லாம்.'
'கசடு போகும்.'
'கரி போட்டா?'
'வாசனை போகும்.'
'வேற?'
நிர்மல் சிரித்தான்.
டேய், இது வைன்.
சாராயமா காய்ச்சுறோம், இவ்வளவு பயப்படுற?

அவன் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
'அவங்களும் வடிகட்டித்தான் குடுத்தாங்களாம்.
வெள்ளத் துணியில. தண்ணி மாதிரி
அவ்வளவு தெளிவா இருந்துச்சாம்.
மறுநாள் மத்தியானம் எங்கப்பா
யாருடா லைட்ட அணைச்சதுன்னு
எல்லாரையும் திட்டுறாரு.
அரூர்ல எங்க வீட்டுக்கு
அப்ப கரண்டே வரல.'

சொட்டு.

நிர்மல் எழுந்து போய்
ஏற்கெனவே மூடியிருந்த கதவை மூடினான்.
எனக்குத் தெரிந்தது ஒரு பதில்தான்,
அதைச் சொல்லியிருக்க வேண்டாம், சொன்னேன்:
அது கலந்திருந்தால்
எந்தத் துணியிலும் நிற்காது.
கரியிலும் நிற்காது. கண்ணுக்கும் தெரியாது.
'சரி' என்றான்.
நெடுநாளாய்க் கிழித்துப் போடாத சீட்டை
ஒருவன் சரிபார்த்துக்கொள்வது போல.

இருபத்துநாலாம் தேதி இரவு
நிர்மல் இரண்டு டம்ளர், நான் ஒன்று.
புளிப்பு. அடியில் லேசாய் ரொட்டி வாசம்.
தீர்த்தகிரி குடிக்கவில்லை.
தன் டம்ளரை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
அதன் வழியே எதிர்க்கடை போர்டைப் படித்தான்,
எழுத்துக் கூட்டி:
டயர்... ரீ... டிரேடிங்...
அதன் கீழே இருந்த போன் நம்பரையும்,
பத்து எண்ணும் விடாமல்.

பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு
கம்பளியை உதறி மடித்தான்.
சிவப்புக் கறை ஒன்று, உள்ளங்கை அளவு.
'அடுத்த தடவ
சக்கரையக் குறைக்கலாமா?' என்றான்.